பெல் அடிக்காத ஹெட்மாஸ்டர்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிற அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மணி மட்டும் கேட்கக் கூடாது.

"இந்திய நேரத்தை எங்கேர்ந்து கணக்குப் பண்றாங்க, தெரியுமா சார்?" என்று ஆரம்பிப்பார். 82½ டிகிரி தீர்க்கரேகை உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கமாகப் போகிறது. நாமோ அதற்கு மேற்கே, 80-ஐ ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே தாம்பரத்துச் சூரியன் நம் கைக்கடிகாரத்துக்குச் சராசரியாக ஒன்பது நிமிஷத்துக்கு மேல் தாமதமாகத்தான் உச்சிக்கு வருகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "இப்ப சொல்லுங்க, நிஜமான மணி என்ன?" என்று நம்மையே மடக்குவார். அதற்குள் பீச் போகிற வண்டி சானடோரியத்தைத் தாண்டியிருக்கும்.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் இவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர். வைத்தது வாட்ச்மேன். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஆரம்பித்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று விசாரித்துக்கொண்டே போனால் இவரைப் போல இன்னும் சிலர் அகப்படுவார்கள். ஓ.எம்.ஆரில் கம்பெனி, வீட்டில் வேலை. 2020-ல் கொரோனா வந்து வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது பக்கத்து நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்து, மகளுக்கு நடந்த பாடத்தை முழுக்கக் காதில் வாங்கியவர்கள். ஒரு பீரியடில் முக்கால்வாசி "மியூட் பண்ணும்மா, மியூட் பண்ணும்மா" என்பதிலேயே போனதைக் கண்டு மனம் உடைந்தவர்கள். மற்ற அப்பாக்கள் ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இவர் டி.சி. வாங்கிவிட்டார்.

அவர் சொல்கிற காரணங்களில் பாதி நியாயமானவைதான். மார்க் பயம், வேன் நெரிசல், வீட்டுப்பாடம், காலாண்டுத் தேர்வுக்கு முந்தின ராத்திரி வீட்டில் நிலவும் ஊரடங்கு. அமெரிக்காவின் ஜான் ஹோல்ட், குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள் என்று 1964-லேயே புத்தகம் போட்டார். வகுப்பறையில் பிள்ளைகளைக் கெடுப்பது பயம்தான் என்றார். ஹெட்மாஸ்டர் அதைப் படித்திருக்கிறார். படித்தது எங்களுக்கும் தெரியும், ஏனென்றால் லிஃப்டில் ஏறினால் ஹோல்ட்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று: அவர் வீட்டில் எந்தத் தின்பண்டமும் பாடம் நடத்தப்படாமல் வாய்க்குப் போவதில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கேட்டால், உருண்டைக் கொழுக்கட்டை, மோதகம் இரண்டில் எது சீக்கிரம் வேகும், எதற்குப் பரப்பளவு அதிகம் என்று ஒரு மணி நேரம். நவராத்திரிச் சுண்டல் என்றால், கொண்டைக்கடலைச் செடியின் வேரில் குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியாவை விசாரித்துவிட்டுத்தான் தொன்னை கைக்கு வரும். கார்த்திகைப் பொரிக்கு ஒரு வகுப்பு. கிறிஸ்மஸுக்கு எதிர்வீட்டிலிருந்து கேக் வந்தால், 1883-ல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு செய்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்மஸ் கேக் என்று சொல்லப்படுகிற வரலாறு முடியும்வரை கத்தி கேக்குக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். கேக் கொடுத்த அம்மாள் பாவம், வாசலிலேயே நிற்பார்.

ஆனால் அவருடைய உச்சம் கிருஷ்ண ஜெயந்திச் சீடை.

சீடை வெடிக்கும் என்பது வீட்டில் ஒரு பாட்டியாவது இருந்தவர்களுக்குத் தெரியும். மாவைச் சரியாகச் சலிக்காமல் குருணை தங்கினாலோ, உருட்டியதைத் துணியில் பரப்பி ஈரம் போக ஆறவிடாமல் அவசரப்பட்டாலோ, இறுக்கி அழுத்தி உருட்டினாலோ, மேல்தோல் எண்ணெயில் முறுகி மூடிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வழி தேடும். ஹெட்மாஸ்டரின் அம்மா திருவாரூர்ப் பக்கம். இந்தச் சங்கதியெல்லாம் அந்த அம்மாளின் விரல் நுனியில் இருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த விரலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

"மாவைச் சலிச்சாச்சாடா?"

"அம்மா, சொல்லாத. அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

"என்னத்தைக் கண்டுபிடிக்கறது? சலிக்கலேன்னா வெடிக்கும்."

"ஐயோ, ஆன்சரைச் சொல்லிட்டியே!"

போன வருஷம் அந்தப் பரிசோதனைக்குச் சாட்சியாக என்னையும் கூப்பிட்டார். சீடைக்கு ஆசைப்பட்டுப் போனேன். அடுப்படி வாசலில் பெரியவளும் சின்னவனும் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சுவரில் ஒரு சார்ட். மூன்று எவர்சில்வர் தாம்பாளங்கள்: 'சலித்தது', 'சலிக்காதது', 'சலித்தது, ஆனால் ஈரம்'. எண்ணெயின் சூட்டை அளக்க, கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டுவதற்காக வாங்கிய காய்ச்சல் துப்பாக்கியை எடுத்து வாணலிக்கு நீட்டினார். மனுஷக் காய்ச்சலுக்கு மேல் எண்ணத் தெரியாத கருவி அது. மிரண்டுபோய் 'ஹை' என்று மட்டும் காட்டியது. பாட்டி குறுக்கே கையை விட்டு, மிளகளவு மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டார். அடியில் போன மாவு நிதானமாக மேலே வந்தது. "இதான் பதம்" என்றார். "அம்மா, இது அளவீடு இல்லை" என்றார் பிள்ளை. அம்மாள் பேசாமல் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போகிறபோது என்னைப் பார்த்து, "நீங்களும் வந்துடுங்கோ" என்றார். எனக்கு மரியாதைக்குப் பயந்த சுபாவம். நின்றேன்.

முதல் தாம்பாளம் நல்லபடியாகப் பொரிந்தது. ஜல்லிக்கரண்டியில் அள்ளி, டிஷ்யூ பேப்பரில் கொட்டி, 'முடிவுகளை ஒப்பிடும்வரை' என்று மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு அரை கை தூரத்தில் இருந்தது.

இரண்டாவது தாம்பாளத்துக்கு வந்தபோது ஹெட்மாஸ்டர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, "தண்ணி ஆவியாச்சுன்னா எத்தனை மடங்கு விரியும், யார் சொல்லுவீங்க? ஆயிரத்து அறுநூறு மட..." என்றார். மீதியைச் சீடை சொல்லிற்று. டப்பென்று ஒன்று சிம்னியில் பட்டது. இரண்டாவது சீலிங்கில் பட்டு, அங்கேயே ஒரு துண்டை விட்டுவிட்டு இறங்கியது. மூன்றாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. எண்ணெய்த் துளிகள் சார்ட்டில் 'கருதுகோள்' என்ற வார்த்தையின் மேல் வரிசையாக விழுந்தன. சின்னவன் கைதட்டிக் குதித்து, "அப்பா, இன்னொண்ணு போடு!" என்றான். ஹெட்மாஸ்டர் அடுப்பை அணைத்தார், முகத்தைத் துடைத்தார், பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சரி, நாம என்ன கவனிச்சோம்?" என்றார்.

நான் கவனித்தது, அவருடைய மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, ஈரத்துணியால் சீலிங்கைத் துடைத்துக்கொண்டிருந்ததைத்தான். அந்த அம்மாள் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், பிள்ளைகளின் சுதந்திரத்துக்காக ராஜினாமா செய்தவர். ஹெட்மாஸ்டருக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கிற பத்து மணியிலிருந்து ஆறு மணிவரை அந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லா வாத்தியாரும், ஆயாவும், சத்துணவுப் பொறுப்பாளரும் அவர்தான். லிஃப்டில் ஜான் ஹோல்ட் பேச அவருக்கு நேரம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

சீடையைச் சாப்பிட்டேனா என்றால், சாப்பிட்டேன். பொரிந்தவரை வகைக்கு ஒன்று கொடுத்து, மொறுமொறுப்புக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடச் சொன்னார். மதிப்பெண் முறையே கூடாது என்று போன வாரம்தான் எனக்கு வகுப்பெடுத்திருந்தார்.

தீபாவளிக்கு இன்னும் மோசம். ஊரெல்லாம் தட்டில் முறுக்கும் மைசூர்பாகும் வைத்து மேலே பேப்பர் மூடி வீடு வீடாகக் கொடுக்கும் நாளில், இவர் வீட்டுத் தட்டில் ஓர் அதிரசம், ஒரு புத்தகம். ஐஸ்லாந்தில் அப்படித்தானாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் அங்கே தட்டுப்பாடு, காகிதத்துக்கு அவ்வளவாக இல்லை. அப்போதிலிருந்து கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு ஒருவருக்கொருவர் புத்தகம் கொடுத்து, ராத்திரி முழுக்கப் படிக்கிறார்களாம். அருமையான பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் நாம் மட்டும் என்ன, வெறும் வயிற்றுக்காகவா தீபாவளி கொண்டாடினோம்? விகடன், கல்கி, கலைமகள், அமுதசுரபி என்று தலையணை கனத்தில் தீபாவளி மலர் வந்து, எண்ணெய்க் கையோடு யார் முதலில் எடுப்பது என்று சண்டை போட்டு, காராச்சேவுத் தூள் உதிர்ந்த பக்கங்களோடு அடுத்த தீபாவளிவரை வைத்துப் படித்த ஊர் இது. அதற்கு ரெய்க்யவிக் வரை போக வேண்டியதில்லை என்று சொன்னேன். குறித்துக்கொண்டார். அடுத்த வருஷம் மலரையும் சேர்த்துக் கொடுப்பார், அதற்கும் கேள்வி வைத்து.

கேள்வியைச் சொல்ல மறந்துவிட்டேனே. புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருக்கும். 'இந்தக் கதையில் உனக்குப் பிடித்த பாத்திரம் யார், ஏன்?' என்று ஆரம்பித்து ஐந்து கேள்விகள். கடைசிக் கேள்வி, அதிரசத்துக்கு வெல்லப்பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பது. பரீட்சையை ஒழித்த மனிதர் தீபாவளியன்று காலை நாலு மாடிக்கும் கேள்வித்தாள் விநியோகிக்கிறார். கேட்டால், "கேள்வித்தாள் இல்லை சார், பேசறதுக்கு ஒரு தொடக்கம்" என்கிறார். என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். அவனுக்கு வந்தது நாலு வயசுக்காரர்களுக்கான இருமொழிப் படப் புத்தகம். துளிகா போன்ற சென்னைப் பதிப்பகங்கள் 1990-களிலிருந்தே அழகழகாகப் போடுகிற வகை. புத்தகத்தின் மேல் குற்றமில்லை. பையன் சீட்டை வாங்கிப் பார்த்தான். தலைப்பில் 'ஏதேனும் நான்கு வினாக்களுக்கு மட்டும் விடையளிக்கவும்' என்று தன் கையால் எழுதிக்கொண்டு, நான்கை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்றுமே கற்பதில்லை என்று யார் சொன்னது?

இன்னும் சில வழக்கங்கள் உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார் என்பதற்காக, வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால்கூடப் பிள்ளைகள் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும். அவர்கள் வீட்டு ஷூ ரேக்கில் இரண்டு தட்டு நிறைய ஜல்லிக்கல். வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போனால் கூண்டுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி நோட்டு எழுதுவது. அவ்வளவுதான்.

சட்டம் மட்டும் தனி அத்தியாயம். அசோசியேஷன் செகரெட்டரி ஒருமுறை, "இதெல்லாம் சட்டப்படி செல்லுமா சார்?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். உடனே ஃபைல் வந்துவிட்டது. பிள்ளைக்குக் கல்வி கிடைக்க வழி செய்வது பெற்றோரின் கடமை என்று 2002-ன் 86-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்த்தது; எங்கே என்று சொல்லவில்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் கிடையாது. பதினாலு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொள்ளலாம். கணீரென்று வாசித்துக்கொண்டு வருகிறவருக்கு, பிள்ளையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்கிற 10-ஆம் பிரிவு வரும்போது மட்டும் இருமல் வந்துவிடும். தண்ணீர் குடித்துவிட்டு 11-க்குப் போவார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டு சொன்னது. ஒரு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், அரசுப் பள்ளியில் மூன்றாவதும் ஐந்தாவதும். அவரை நிறுத்தி வைத்து ஹெட்மாஸ்டர் ஒருநாள், "பள்ளிக்கூடம் ஒரு ஜெயில்மா, பசங்க கிரியேட்டிவிட்டியைக் கொன்னுடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அக்கா கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் சரி சார். மத்தியானம் முட்டை போடுவீங்களா?" என்றார்.

ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக இருந்தது. தின்பண்டத்தையும் பாடத்தையும் ஒன்றாக வைக்கிற யோசனை தன்னுடையது என்று நினைக்கிறார். இந்த ஊர் 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சாப்பாட்டைப் பாடத்தோடு சேர்த்துவிட்டது. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் காலைச் சிற்றுண்டி. உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்த அக்காவின் பிள்ளைகள் முதல் பீரியடுக்கு உட்காருகிறார்கள். அவை வெந்த விதத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை, வயிறு நிறைந்ததா என்பதைத் தவிர. வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார முடிகிற குடும்பத்துக்குப் பள்ளிக்கூடம் ஜெயிலாகத் தெரியலாம். அது அவர்கள் பாடு. விடியற்காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு நாலு வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவிடம் அதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஹெட்மாஸ்டரிடமே சொன்னேன். "நல்ல பாயிண்ட் சார், இதை டிஸ்கஸ் பண்ணணும்" என்றார். இப்படிப்பட்டவரோடு சண்டைகூடப் போட முடியாது.

அவர் பெண்ணோடு எனக்குச் சண்டை கிடையாது. பதினொரு வயது. அவ்வளவு ஆசையாகப் படிக்கிற இன்னொரு குழந்தையை இந்த வட்டாரத்தில் நான் பார்க்கவில்லை, இதை அவள் அப்பாவின் கணக்கில் வரவு வைப்பதில் எனக்குத் தயக்கமும் இல்லை. அவர்கள் வீட்டு அலமாரியில் புத்தகங்கள் வயதுவாரியாக லேபிள் ஒட்டி நிற்கின்றன. அவள் அவற்றை முடித்துவிட்டு என் வீட்டுக்கு வருவாள். என்னிடம் பழைய முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று இருக்கிறது. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு வர ஆரம்பித்த பரம்பரை. பழுப்பேறி, முனை மடங்கி, ஸ்டேப்பிள் துருப்பிடித்தவை. சோபாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய காராபூந்தியை ஒரு கையால் அள்ளிப் போட்டுக்கொண்டு மாயாவியைப் படிப்பாள். "உங்க வீட்டு பூந்தியிலதான் அங்கிள் கேள்வி இருக்காது" என்றாள் ஒருநாள்.

இன்னொரு நாள் டோட்டோசானைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கல்விக்காரர்கள் வீட்டில் சுவாமி படத்துக்கு அடுத்தபடி இருக்கும் புத்தகம். டெட்சுகோ குரோயாநாகி 1981-ல் ஜப்பானிய மொழியில் எழுதியது, தமிழிலும் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய ஒரு சின்னப் பள்ளி. மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்று சொல்கிற தலைமையாசிரியர் கோபயாஷி. ஹெட்மாஸ்டர் வீட்டிலும் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. சைவக் குடும்பமாகையால், 'கடலிலிருந்து' என்ற பகுதியை உப்பு பார்த்துக்கொண்டது.

"அங்கிள், இதை அப்பா மூணு தடவை படிச்சிருக்காரு."

"தெரியும்மா." லிஃப்டில் கேட்டிருக்கிறேன்.

"ஆனா இது ஸ்கூல் கதையாச்சே. டோட்டோசானுக்கு ஸ்கூல் போக அவ்ளோ பிடிக்குது. லேட்டாயிடுமேன்னு அவசரப்படறா. குண்டு போட்டு அந்த ஸ்கூல் எரிஞ்சுபோறதைப் படிச்சா எனக்கு அழுகையா வந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "அப்பாகிட்ட கேட்டேன். குட் அப்சர்வேஷன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டாரு."

என்னிடமும் பதில் இல்லை. பூந்தி டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.

சமீபத்தில் மொட்டை மாடியில் தண்ணி டேங்க் பார்க்கப் போனேன். அங்கே டேங்க்கின் சிமெண்ட் சுவரில் சாக்பீஸால் தேதி, கிழமை, வருகைப் பதிவு எல்லாம் எழுதியிருந்தது. அபார்ட்மெண்ட்டின் மற்ற பிள்ளைகள் நாள் முழுக்க நிஜப் பள்ளிக்கூடத்தையே அனுபவித்துவிட்டு வந்ததால் இந்தப் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு வர மறுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சின்னவனும் வாட்ச்மேன் பேத்தியும் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் அம்மாவின் துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றி, ஸ்கேலை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு நடந்தாள். "சைலன்ஸ். விரலை வாயில வை. பெல் அடிச்சாத்தான் ஸ்நாக்ஸ்." எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரும் அவ்வளவு கண்டிப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் ஸ்கேலை நீட்டி, "லேட். வெளியே நில்லு" என்றாள். நின்றேன்.

பின்னாலேயே ஹெட்மாஸ்டர் மேலே வந்தார். பார்த்ததும் கண் பளபளக்க மொபைலை எடுத்து வீடியோ பிடித்தபடி, "பாத்தீங்களா சார், இதுக்குப் பேர்தான் ஃப்ரீ ப்ளே. குழந்தைங்களைச் சும்மா விட்டா..." என்று தொடங்கினார்.

"யாருப்பா அங்க கிளாஸ்ல பேசறது?" என்றாள் டீச்சர். "மொபைலைக் கொண்டாந்து டேபிள்ல வை. நாளைக்கு பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வா."